1860களின் பகல் உடை: பழைய பேட்டர்னிலிருந்து முழு ஆடை வரை

விக்டோரியா காலப் பெண்கள் உடை என்று தேடினால் கண்ணில் படுவதெல்லாம் வெளி ஆடைதான். அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வெளி ஆடையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். எட்டு மீட்டர் துணியை வெட்டித் தைத்து முடித்த பிறகு உள்ளே, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட்டும் பாவாடையை விரித்து நிறுத்தும் வளையக் கூடும் போட்டுப் பார்ப்பார்கள். மார்பு இறுக்கும், இடுப்பு தொளதொளக்கும், பாவாடையின் முன்பக்கம் தரையில் கிடக்கும், பின்பக்கம் கணுக்கால் தெரியத் தூக்கி நிற்கும். என் முதல் உடையை நானும் இப்படித்தான் பாழாக்கினேன். அதனால் இங்கே நான் அதிகம் பேசப்போவது வரிசையைப் பற்றி: எதை முதலில் தைப்பது, எதை எப்போது அளப்பது, எதைக் கடைசி வரை வெட்டாமல் வைத்திருப்பது.

சேலை ப்ளவுஸ் ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவர் இதைச் செய்யலாம். டாட் பிடிப்பது, பைப்பிங் வைப்பது, ஹூக் பட்டி தைப்பது, இந்த மூன்றும் கைவந்திருந்தால் போதும். எடுத்துக்கொள்ளும் உடை: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1860 முதல் 1864 வரை அணிந்த சாதாரணப் பருத்திப் பகல் உடை. இதன் பாவாடை நேரான துண்டுகளால் ஆனது. அதனால் முதல் முயற்சிக்கு இதைவிடச் சுலபமானது அந்தக் காலத்தில் இல்லை.

1. முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. இந்த 64 ஆண்டுகளில் பெண்களின் உருவக்கோடு பலமுறை தலைகீழாக மாறியது. எஃகு வளையக் கூடான கிரினோலின் 1856இல் வந்தது. 1860களின் நடுவிலிருந்து முன்பக்கம் தட்டையாகி, விரிவெல்லாம் பின்னால் போனது. 1870களில் பின்புறப் புடைப்பான பஸ்ஸில் வந்தது, 1870களின் கடைசியில் மறைந்தது, 1880களின் நடுவில் இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது. 1890களின் நடுவில் கை பலூன் மாதிரி ஊதியது.

ஆண்டு தெரியாமல் பேட்டர்ன் எடுத்தால், 1862 மேல்சட்டையோடு 1885 பாவாடை சேர்ந்துவிடும். உள்ளாடையும் ஆண்டுக்கு ஆண்டு வேறு என்பதால் தவறு இரட்டிப்பாகும். ஐந்தாண்டு இடைவெளிக்குள் நில்லுங்கள். அந்த ஐந்தாண்டுப் புகைப்படங்கள் இருபதாவது பாருங்கள். இதழ்களில் வரைந்த ஃபேஷன் ஓவியங்களைவிடப் புகைப்படம் நல்லது, ஏனென்றால் துணி உண்மையில் எங்கே சுருங்கியது என்று அதில்தான் தெரியும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் ஆடைகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன.

2. பேட்டர்ன் எந்த வகை என்று பாருங்கள்

பழைய பேட்டர்ன்கள் பெரும்பாலும் மூன்று வடிவில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வாசிக்கும் விதம் வேறு.

பீட்டர்சன்ஸ் போன்ற மாத இதழ்களில் உள்ளங்கை அளவு கோட்டுப்படம் இருக்கும், ஓரங்களில் இன்ச் எண்கள் இருக்கும். எண்தான் உண்மை, கோட்டின் வடிவம் ஒரு குறிப்பு மட்டுமே. வளைவை நீங்களே வரைய வேண்டும்.

1867இல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற இதழ்கள் பெரிய தாளில் முழு அளவுப் பேட்டர்ன் தந்தன. ஆனால் ஒரே தாளில் பல ஆடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும். புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு, புள்ளியும் வெட்டும் கலந்த கோடு என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டு. முதல் பார்வையில் தலை சுற்றும். உங்கள் துண்டின் கோட்டை மட்டும் கலர் பென்சிலால் முழுக்கச் சுற்றி வந்த பிறகே நகல் எடுங்கள். பாதி வழியில் பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடுவது இங்கே வழக்கமான தவறு.

மூன்றாவது வகை, எஞ்சியிருக்கும் ஆடைகளை நேரில் அளந்து வரைந்தவை. ஆடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்டின் வரைபடங்கள் எட்டில் ஒரு பங்கு அளவில் இருக்கும்: தாளில் அரைக்கால் இன்ச் என்றால் துணியில் ஒரு இன்ச் என்று வாசிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த வகைதான். உண்மையில் ஒருத்தி உடுத்திய உடை என்பதால் உள்ளே எதை எங்கே தைத்திருக்கிறார்கள் என்ற குறிப்பும் சேர்ந்து கிடைக்கும்.

எந்த வகையானாலும் தையலுக்கு விடும் துணி பெரும்பாலும் பேட்டர்னில் சேர்ந்திருக்காது. இதைக் கவனிக்காமல் கோட்டின்மேலேயே வெட்டியவர்கள் நிறைய.

3. கடைக்குப் போகும் முன்

வெளித்துணி: சின்னப் பூ அல்லது கோடு அச்சடித்த மெல்லிய பருத்தி, 44 இன்ச் அகலம், எட்டு மீட்டர். கணக்கு இது: பாவாடைக்கு 48 இன்ச் நீளத்தில் நாலு துண்டு, கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். மேல்சட்டைக்கும் கைக்கும் இரண்டரை. மிச்சம் உங்கள் தவறுகளுக்கு. பழுப்பும் சாம்பலும்தான் அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். 1856இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1860களில் பளீர் ஊதா சாதாரணமாகிவிட்டது.

மேல்சட்டை உள்துணிக்கு ப்ளவுஸ் லைனிங் வேண்டாம், அது வழுக்கும். கெட்டியான டூ பை டூ அல்லது பாப்ளின் வாங்குங்கள். மாதிரி பார்க்கக் காடா துணி மூன்று மீட்டர். உள்ளாடைக்கு வெள்ளை மல். கார்செட்டுக்கு டிரில் துணி, முன்பக்கம் திறந்து மூடும் எஃகுப் பட்டையான பஸ்க், துணியை நிமிர்த்தி நிறுத்தும் பட்டைகளான எலும்புகளுக்கு ஸ்பிரிங் ஸ்டீல். அந்தக் காலத்தில் திமிங்கல எலும்பு போட்டார்கள். ஸ்டீல் கிடைக்காவிட்டால் அகலமான கேபிள் டை அதற்கு மிக நெருக்கம். வளையக் கூட்டுக்கு மட்டும் உண்மையான எஃகுப் பட்டை வாங்குங்கள். பிளம்பிங் குழாயில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து எழுந்ததும் அது கோணிக்கொண்டது.

ஜிப் வேண்டாம், அப்போது அது இல்லை. தையல் மெஷின் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1860களில் வீட்டு மெஷின்கள் இருந்தன, நீளமான உள் தையல்களை அவர்களும் மெஷினில் அடித்தார்கள்.

எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

4. உள்ளாடைகள் எல்லாவற்றுக்கும் முன்னால்

கசப்பான படி இது. ஒரு மாதம் தைத்த பிறகும் வெளியில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனாலும் இதைத் தள்ளிப்போட முடியாது, வெளி ஆடை உட்காரப்போவது உங்கள் உடம்பின்மேல் இல்லை, இவற்றின் மேல்.

முதலில் ஷெமீஸ். நம் ஊர் சிம்மிஸ் என்ற சொல்லே இதிலிருந்து வந்ததுதான். முட்டி வரை நீளம், அகலமான கழுத்து, குட்டைக் கை. எல்லாமே சதுரமும் செவ்வகமும்தான், கை பழக நல்ல துண்டு. அடுத்தது டிராயர்ஸ்: இரண்டு கால்கள், ஒரே இடுப்புப் பட்டி, நடுவில் தையல் கிடையாது. பார்த்ததும் எல்லோரும் சிரித்துவிட்டு நடுத் தையலை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். கார்செட்டும் கூடும் போட்ட பிறகு கழிப்பறைக்குப் போக வேறு வழியே கிடையாது.

மூன்றாவது கார்செட். முதுகில் கயிறு கட்டிய பிறகு இரண்டு ஓரங்களுக்கும் இடையே இரண்டு இன்ச் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். இடைவெளி ஆங்கில வி எழுத்து மாதிரி விரிந்தால் மேலேயோ கீழேயோ அளவு தவறு. இடுப்பை இரண்டு இன்ச் குறைத்தால் போதும். மெல்லிய இடுப்பு தெரிவது பெரும்பாலும் பாவாடை விரிவினால் வரும் கண் மயக்கம். மூச்சு முட்டினாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். தினம் ஒரு மணி நேரம் என்று ஒரு வாரம் போட்டுப் பழகினால் துணி உங்கள் உடம்புக்கு வளைந்துகொடுக்கும். அதன் பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

நான்காவது வளையக் கூடு. அடி வளையத்தின் சுற்றளவு 110 இன்ச் பகல் உடைக்குத் தாராளம். அடி வளையம் தரையிலிருந்து ஆறு, ஏழு இன்ச் உயரத்தில் நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது கால் உள்ளே மாட்டும், படியில் ஏறும்போது நிச்சயம் விழுவீர்கள். கூட்டின் மேல் ஓர் உள்பாவாடை கட்டாயம். இல்லாவிட்டால் வளையங்கள் வெளித்துணியில் கோடுகோடாகத் தெரியும்.

5. அளவு எடுப்பது

உள்ளாடை அத்தனையும் போட்டுக்கொண்டு, இன்னொருவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கார்செட் போட்ட பிறகு குனிந்து டேப்பைப் பார்க்க முடியாது.

மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை, முதுகு அகலம், அக்குளிலிருந்து இடுப்பு வரை. கை நீளத்தை முழங்கையை மடக்கி வைத்து எடுங்கள், அந்தக் காலக் கை மடங்கிய கைக்காகவே வெட்டியது. இடுப்பு என்பது உண்மையான இடுப்பு, விலாவுக்குக் கீழே உடம்பு மடங்கும் இடம். நாம் பேன்ட்டும் சேலையும் கட்டும் இடம் அதற்கு இரண்டு மூன்று இன்ச் கீழே. அந்தப் பழக்கத்தில் அளந்தால் மேல்சட்டை நீண்டு, இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விழும். ஒரு எலாஸ்டிக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு முறை பக்கவாட்டில் சாயுங்கள். எலாஸ்டிக் போய் நிற்கும் இடம்தான் இடுப்பு.

6. பேட்டர்னைப் பெரிதாக்குவது

எட்டில் ஒரு பங்கு வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் துணியில் நாலு மில்லிமீட்டர். மேல்சட்டையைச் சுற்றி எட்டுத் தையல் ஓரங்கள் என்று வைத்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். அதனால் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கிய தாளை நம்பி வெட்ட வேண்டாம். கட்டம் போட்ட தாளில் முக்கியப் புள்ளிகளை மட்டும் எண்ணி வைத்து, நீங்களே இணையுங்கள். கணினியில் அச்செடுத்தால் அளவுகோல் கட்டத்தை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்து உங்கள் அளவுக்கு மாற்றுவது. பழைய பேட்டர்ன் ஒரே ஒரு உடம்புக்கானது, அதுவும் பெரும்பாலும் சிறிய உடம்பு. எல்லாக் குறையையும் பக்கத் தையலில் சேர்த்துவிடத்தான் கை போகும். இந்த உடையில் பக்கத் தையல் அக்குளுக்கு நேர் கீழே இருக்காது, முதுகுப் பக்கம் தள்ளி இருக்கும். அங்கே சேர்த்தால் முதுகு உப்பும், மார்பு அப்படியே இறுக்கமாக நிற்கும். முன்துண்டை டாட்டுக்கும் பக்கத் தையலுக்கும் நடுவே நெடுக வெட்டி விரியுங்கள். தோளும் கழுத்தும் முடிந்தவரை தொடாமல் இருக்கட்டும். நீளம் போதாவிட்டால் இடுப்புக்கு மேலே குறுக்கே வெட்டி விரியுங்கள், அடியில் ஒட்டுப்போடாதீர்கள்.

7. காடா துணியில் மாதிரி

தோள் தையலையும் பக்கத் தையலையும் மட்டும் பெரிய ஓட்டுத் தையலில் இணைத்து, முன்பக்கம் பின் குத்துங்கள். டாட்டுகளைப் பேட்டர்ன் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தைக்காமல், உடம்பின் மேலேயே கிள்ளிப் பிடித்துப் பின் குத்துங்கள்.

இந்த உடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டாட், இரண்டும் இடுப்பிலிருந்து மேலே போகும். முனை மார்பின் உச்சிக்கு ஒன்றேகால் இன்ச் கீழேயே நின்றுவிட வேண்டும். ப்ளவுஸ் பழக்கத்தில் உச்சி வரை இழுத்தால் கூம்பு மாதிரி எழும், 1950கள் எட்டிப்பார்க்கும். கார்செட் தருவது உருண்ட, கொஞ்சம் தாழ்ந்த வடிவம்.

தோள் தையல் தோளின் உச்சியில் இல்லாமல் முதுகுப் பக்கம் சரிந்து கிடக்கும். கை தோளெலும்பைத் தாண்டிக் கீழே தொடங்கும். இதைப் பார்த்துப் பேட்டர்ன் தவறு என்று 'திருத்தி'விடாதீர்கள், அந்தச் சரிவுதான் அந்தக் காலத்தின் அடையாளம்.

இனி ஆர்ம்ஹோல். இது அக்குளை ஒட்டி உயரமாக, சின்னதாக இருக்கும், மாதிரி போட்டதும் இறுக்கும். உடனே கத்தரியை எடுத்து ஆழப்படுத்துவார்கள். வகுப்பில் நான் கத்தரியை ஒளித்து வைக்கும் ஒரே நேரம் இதுதான். ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது மேல்சட்டை மொத்தமும் கூடவே எழும்பும். சின்ன ஆர்ம்ஹோல் என்றால் கை தனியாக அசையும், உடம்பு அசையாது. இறுக்கும் இடத்தில் தையல் ஓரத்தில் கால் இன்ச் வெட்டுப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இடிப்பது அந்த ஓரத் துணிதான்.

மாதிரி சரியானதும் பிரித்து, அதையே புதுப் பேட்டர்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. வெட்டுவதும் இரண்டை ஒன்றாக்குவதும்

உள்துணியை முதலில் வெட்டுங்கள். முன் நடுக்கோடும் பின் நடுக்கோடும் நேர் இழையில். தோளிலும் பக்கத்திலும் ஒரு இன்ச் தையலுக்கு விடுங்கள், மற்ற இடங்களில் அரை இன்ச். பிறகு ஒவ்வொரு உள்துண்டையும் வெளித்துணியின் மேல் வைத்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, அப்புறம் வெளித்துணியை வெட்டுங்கள். இனி அந்த இரண்டும் ஒரே துணி, டாட்டும் தையலும் இரண்டிலும் சேர்த்தே போகும்.

நம் ப்ளவுஸில் லைனிங்கைத் தனியாகத் தைத்துத் திருப்பும் வழக்கம் உண்டு. இங்கே அப்படிச் செய்தால் வெளித்துணி தனியாக இழுபடும், சுருக்கம் விழும். தவிர, தையல் ஓரங்கள் உள்ளே திறந்தே இருப்பதால் பின்னால் உடம்பு மாறினாலும் பிரித்துச் சரிசெய்யலாம். ஓரங்கள் நைந்து போகாமல் கையால் சுற்றித் தைத்துவிட்டால் போதும்.

9. மேல்சட்டை

வரிசை: டாட்டுகள், முதுகின் பொய்த் தையல், தோள், பக்கம், கழுத்து, ஆர்ம்ஹோல் பைப்பிங், முன் ஹூக், இடுப்பு ஓரம்.

பொய்த் தையல் என்றது விளையாட்டாக இல்லை. 1860களின் பல உடைகளில் முதுகு ஒரே துண்டு. தோளிலிருந்து இடுப்புக்கு வளைந்து வரும் அந்த அழகான கோடுகள், துணியில் எடுத்த மெல்லிய மடிப்பு மட்டுமே. பக்கத் தையலைத் தோளுக்குப் பிறகு வைப்பதற்குக் காரணம், அதற்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம்.

பைப்பிங்கைக் கிராஸ் துணியில், உள்ளே மிக மெல்லிய கயிறு வைத்துத் தையுங்கள். சணல் பருமனில் வைத்தால் சோபா உறை மாதிரி ஆகிவிடும். டாட் தையலின் ஓரத்திலும் பக்கத் தையலிலும் சின்னக் குழாய்ப் பட்டி தைத்து எலும்பு செருகுங்கள். இல்லாவிட்டால் உட்காரும்போது மேல்சட்டை சுருண்டு ஏறும். கழுத்தில் வெள்ளைக் காலரை ஓட்டுத் தையலில் மட்டும் பிடியுங்கள். அவர்கள் உடையை அடிக்கடி துவைக்காமல் காலரை மட்டும் பிரித்துத் துவைத்தார்கள்.

10. கை

இரண்டு துண்டுக் கோட் கையை எடுங்கள், முழங்கையில் வளைந்திருக்கும். படத்தில் ஒரு கை மட்டும்தான் வரைந்திருக்கும். துணியை ஒற்றையாக விரித்து இரண்டு முறை அப்படியே வெட்டினால் இரண்டும் இடது கைகள். எனக்கு நேர்ந்தது, அதுவும் கோடு போட்ட துணியில். துணியை இரட்டையாக மடித்து வெட்டுங்கள், அல்லது தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவதை வெட்டுங்கள்.

கையைப் பொருத்தும்போது அளவுக்குறியை மட்டும் நம்ப வேண்டாம். மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்கை லேசாக மடங்கியிருக்க, கை இயல்பாகத் தொங்கும் கோணத்தில் பின் குத்துங்கள்.

11. பாவாடை

இங்கே நாம் பழகிய முறை தலைகீழாகும். நாம் இடுப்பை முடித்துவிட்டு, கடைசியில் அடியை மடிப்போம். 1860இன் பாவாடையில் அடி முதலில், இடுப்பு கடைசியில்.

நாலு துண்டுகளையும் பக்கவாட்டில் இணையுங்கள், சுற்றளவு 175 இன்ச் அளவுக்கு வரும். இடது பக்கத் தையலில் மேலே பத்து இன்ச் திறப்பு, வலது பக்கம் பை. அடியை நேராகவே முடியுங்கள்: ஏழு இன்ச் அகலக் கெட்டித் துணியை உள்பட்டியாக வைத்து, விளிம்பில் கம்பளி நாடா. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும்: தரையில் தேய்வது நாடா, துணி தப்பிக்கும். தேய்ந்தால் நாடாவை மட்டும் மாற்றலாம்.

இப்போது கூடும் உள்பாவாடையும் போட்டுக்கொண்டு இடுப்பிலிருந்து தரை வரை முன், பக்கம், பின் மூன்றையும் அளவெடுங்கள். உதாரணத்துக்கு 40, 41, 43 இன்ச் என்று வரும். கூடு பின்னால் அதிகம் தள்ளுவதால் இந்த வேறுபாடு. தரையிலிருந்து ஒன்றரை இன்ச் கழித்து, அந்த அளவுகளைப் பாவாடையின் அடியிலிருந்து மேல்நோக்கிக் குறியுங்கள். குறிகளை வளைவாக இணைத்து, மிச்சத் துணியை உள்பக்கம் மடியுங்கள். வெட்ட வேண்டாம். மடித்த துணி கொசுவத்துக்குக் கனம் தரும், பாவாடை இடுப்பிலிருந்தே பொங்கி எழும். அடி நேர் இழையில் இருப்பதால் பூ வரிசையும் தரைக்கு இணையாக ஓடும்.

27 இன்ச் இடுப்புப் பட்டி என்று வைத்துக்கொள்வோம். முன் பாதிக்கும் பக்கங்களுக்கும் 18 இன்ச், பின் பாதிக்கு 9. முன்னால் வருவது பின்னோக்கிப் பார்க்கும் தட்டைக் கொசுவம். பின்னால் கேஜிங்: மடித்த ஓரத்தில் கால் இன்ச் இடைவெளியில் ஓட்டுத் தையல், அதற்குக் கீழே அரை இன்ச்சில் இன்னொரு வரிசை, தையல்கள் நேர்க்கு நேராக. இரட்டை நூலில் போட்டு இழுத்தால் துணி விசிறி மாதிரி அடுக்காகும். ஒவ்வொரு மடிப்பின் முனையையும் பட்டியில் ஒரு தையலால் பிடியுங்கள். வரிசைகள் மேலும் கீழும் விலகினால் கொசுவம் வெறும் சுருக்கமாகிவிடும். அதனால் பென்சில் புள்ளி வைத்துத் தையுங்கள், கண்ணளவு வேண்டாம். இதற்கு ஒரு முழு மாலை போகும். மெஷினில் சுருக்கினால் பத்து நிமிடம்தான், ஆனால் 88 இன்ச் துணி 9 இன்ச்சுக்குள் நுழையவே நுழையாது.

12. போடும் வரிசை

ஷெமீஸ், டிராயர்ஸ், காலுறை, பூட்ஸ், கார்செட், கூடு, உள்பாவாடை, பாவாடை, மேல்சட்டை. பூட்ஸைக் கார்செட்டுக்கு முன்னால் போட மறந்தால் வீட்டில் யாரையாவது காலடியில் உட்காரவைத்துக் கயிறு கட்டச் சொல்ல வேண்டியதுதான்.

பாவாடையைக் கூட்டின் மேல் தலை வழியாகப் போடுங்கள். உட்காரும் முன் பின்பக்கத்து அடி வளையங்களைக் கையால் கொஞ்சம் தூக்கி, நாற்காலியின் நுனியில் உட்காருங்கள். வளையத்தின் மேலேயே உட்கார்ந்தால் முன்பக்கம் முகத்துக்கு நேரே எழும்பும். வீட்டிலேயே பத்து முறை பழகிவிடுங்கள். விழாவுக்குப் போகிறீர்கள் என்றால் குத்துவிளக்கிலிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். திரும்பும்போது உங்கள் பாவாடை எங்கே வீசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.